ஸ்டோரில் உறைந்த பாலும் கிண்ணத்தில் உறையும் பாலும்

எங்கள் வீட்டில் 'பால்' என்றாலே ரப்பர்ப் பால்தான். குடிக்கிற பாலுக்குத்தான் 'பசும்பால்', 'டின் பால்' என்று முன்னால் ஒரு சொல் சேர்க்க வேண்டியிருந்தது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அம்மா பல வருடம் மரம் வெட்டினார். மரம் வெட்டுவது என்றால் தோட்டப் பேச்சில் மரத்தைச் சாய்ப்பது இல்லை. பட்டையை உளியால் மெல்லியதாகச் சீவி, வழிகிற பாலை மங்கில் பிடிப்பது. விடியும் முன்பே பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு நிரைக்குள் போய்விடுவார்கள். வெயில் ஏற ஏற மரத்துக்குள் நீரின் அழுத்தம் குறையும், பால் ஓட்டமும் குறையும். அதனால்தான் அந்த அவசரம்.

பள்ளி விடுமுறையில் அம்மாவோடு ஸ்டோர்வரை போவேன். வாளி வாளியாக வந்த பாலைக் கிராணி அளந்து எழுதியதும், வடிகட்டித் தொட்டியில் ஊற்றித் தண்ணீர் சேர்ப்பார்கள். பிறகு ஆசிட். ஃபார்மிக் அமிலத்தைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, தொட்டி முழுக்கச் சீராகப் பரவும்படி துழாவி, நுரையை வழித்தெடுத்து, தகடுகளைச் செருகிவிட்டுப் போவார்கள். மறுநாள் பார்த்தால் தொட்டியில் பால் இருக்காது. தகட்டுக்குத் தகடு வெள்ளை வெளேரென்று பலகைகள் நிற்கும். அம்மா விரல் முட்டியால் அதில் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார். விரல் பட்ட இடம் குழிந்து, மெல்ல மேலே வரும். சரியாக உறைந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது நான் ஈப்போவில் இருக்கிறேன். என் மகள் எங்கோ சாப்பிட்டுவிட்டு வந்து கேட்ட ஒரு பண்டத்தால்தான் அந்தத் தொட்டி மறுபடி நினைவுக்கு வந்தது. பன்ன கோட்டா. இத்தாலியின் வடமேற்கில் உள்ள பியட்மான்ட் பகுதியின் இனிப்பு. பெயருக்கு 'காய்ச்சிய கிரீம்' என்று பொருள். பாலும் கிரீமும் சர்க்கரையும் சேர்த்துச் சூடாக்கி, ஜெலட்டின் கரைத்து, குளிரவைத்து, மேலே ஸ்ட்ராபெர்ரியோ வேறு பெர்ரியோ காய்ச்சிய சாற்றை ஊற்றித் தருவார்கள். அவ்வளவுதானே என்று இறங்கினேன். முதல் தடவை செய்த தவறு பெரியது. சாறு தனி, பால் தனி என்று எதற்கு இரண்டு வேலை, பழத்தையும் பாலிலேயே போட்டுக் காய்ச்சினால் நிறமும் வருமே என்று எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் பால் திரிந்து, இளஞ்சிவப்புத் தண்ணீரில் பொடிப்பொடியாக மிதந்தது.

பானையைப் பார்த்த அம்மா, "ஆசிட்ட ஊத்திட்டு ஒறையலன்னா எப்படி? அது பால்தானே?" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பாடமே அடங்கியிருக்கிறது. தமிழில் ரப்பர்ப் பால், தேங்காய்ப்பால், சோயாப்பால், எருக்கம்பால், கள்ளிப்பால் எல்லாமே பால்தான். மாட்டு மடியிலிருந்து வந்ததா, மரப்பட்டையிலிருந்து வந்ததா என்று மொழி பிரித்துப் பார்க்கவில்லை. அறிவியலும் இந்த விஷயத்தில் அப்படித்தான் பார்க்கிறது. தண்ணீரில் கரையாத நுண்துகள்கள் அடியில் படியாமல் அந்தரத்தில் மிதக்கும் கலவையைக் கூழ்மம் என்பார்கள். மிதப்பது எண்ணெய்த் துளியாக இருந்தால் நம் பாடநூல்கள் அதற்கு வைத்த பெயர் பால்மம். இவை எல்லாம் வெள்ளையாகத் தெரிவதற்கும் காரணம் ஒன்றுதான். உள்ளே வருகிற ஒளியை அந்தத் துகள்கள் நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. ரப்பர் துளிக்கும் வெண்மை நிறம் கிடையாது, பால் கொழுப்புக்கும் கிடையாது. பொடிப்பொடியாகப் பிரிந்து நீரில் மிதப்பதால் வருகிற வெண்மை அது.

ஈப்போ என்ற பெயரே ஒரு பால் மரத்தின் பெயர். ஈப்போ மரத்தின் பாலில் இதயத்தை நிறுத்தக்கூடிய நஞ்சு உண்டு. ஓராங் அஸ்லி மக்கள் அதைத்தான் ஊதுகுழல் அம்பின் நுனியில் தடவி வேட்டையாடினார்கள். ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே அந்த மரம் ஒன்றைப் பார்க்கலாம். நம்மைப் பேராக்குக்குக் கொண்டுவந்தது இன்னொரு பால் மரம். 1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ, கோலகங்சாரில் தன் வீட்டுத் தோட்டத்தில் 9 ரப்பர்க் கன்றுகளை நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்னும் நிற்கிறது. பின்னால் எழுந்த தோட்டங்களுக்குத்தான் என் பாட்டி தாத்தா போன்றவர்கள் கப்பலேறி வந்தார்கள்.

இனி உறைதலுக்கு வருவோம். மங்கில் வடிகிற பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர். அது கண்ணுக்குத் தெரியாத துளிகளாக மிதக்கிறது. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறியவை. ஒவ்வொரு துளியையும் புரதமும் கொழுப்பும் கலந்த ஒரு மெல்லிய போர்வை மூடியிருக்கிறது. அந்தப் போர்வையில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. ஒரே மின்னூட்டம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளும் அல்லவா? அந்தத் தள்ளுதலால்தான் துளிகள் ஒட்டாமல் மிதக்கின்றன. அமிலம் ஊற்றியதும் அந்த மின்னூட்டம் அடங்கிவிடுகிறது. பி.எச். அளவு 5க்குக் கீழே இறங்கும்போது தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. துளிகள் முட்டி மோதி ஒட்டிக்கொள்கின்றன. அம்மோனியா இதற்கு நேர் எதிர். அது பாலைக் காரமாக வைத்திருப்பதால் துளிகள் தள்ளிக்கொண்டே இருக்கும். தொலைதூர ஆலைக்குப் போகிற பாலில் அம்மோனியா கலப்பது இதற்காகத்தான். மங்கைச் சுத்தமாகத் துடைக்காவிட்டால் பால் ஸ்டோருக்கு வரும் முன்பே மங்கிலேயே கட்டிவிடும். அழுக்கிலுள்ள பாக்டீரியா தானாகவே அமிலத்தை உண்டாக்கிவிடுவதுதான் காரணம். மங்கு துடைக்காத பிள்ளைகளை அம்மா திட்டியதன் வேதியியல் இது.

பசும்பாலில் மிதக்கும் முக்கியப் புரதம் கேசின். அது சிறு உருண்டைகளாகத் திரண்டிருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரம் உருண்டைகளை வரிசையாக வைக்கலாம். அவற்றின் மேலும் எதிர்மின்னூட்டம்தான். பி.எச். 4.6க்கு வந்தால் அந்த மின்னூட்டம் பூஜ்யமாகிவிடும். பாலின் இயல்பான பி.எச். 6.7 அளவில் இருக்கும். ஸ்ட்ராபெர்ரிச் சாறு 3.5ஐ ஒட்டியிருக்கும். என் பானையில் நடந்தது இதுதான்: பழத்தின் சிட்ரிக் அமிலமும் மாலிக் அமிலமும் பாலை 4.6ஐ நோக்கி இழுத்தன, அடுப்பின் சூடு மோதலை வேகப்படுத்தியது.

தயிரும் அமிலத்தால் உறைவதுதான். ஆனால் அது மென்மையாக வருகிறது. நேர வித்தியாசம்தான் இதற்குக் காரணம். தயிரில் பாக்டீரியா மணிக்கணக்கில், பால் முழுக்க ஒரே சீராக அமிலத்தைச் சுரக்கிறது. உருண்டைகள் அவசரமில்லாமல் கைகோத்து வலையாகின்றன. சூடான பாலில் பழச்சாறு விழுந்தால் விழுந்த இடத்தில் மட்டும் கூட்டம் கூடிக் கட்டி தட்டுகிறது. ஸ்டோரில் ஆசிட்டைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் இதே கதிதான். அங்கே அமிலத்தைக் கரைத்து ஊற்றச் சொன்னவருக்கும் உறைமோர் விட்டுப் பாலை ஆடாமல் மூடிவைக்கும் பாட்டிக்கும் தெரிந்த விஷயம் ஒன்றே.

ஈப்போக்காரர்களுக்குச் சீரான உறைவு என்றால் சோயாப்பாலில் செய்யும் தாவ் ஃபூ ஃபாதான். ஃபன்னி மவுண்டன் கடை முன்னால் கார்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தால் தெரியும். சோயாப்பாலை முதலில் கொதிக்கவைப்பதால் அதன் புரதங்கள் சுருள் பிரிந்து நீள்கின்றன. பிறகு மிகக் கொஞ்சமாக ஜிப்சம் சேர்க்கிறார்கள். அதிலுள்ள கால்சியத்துக்கு இரட்டை நேர்மின்னூட்டம் உண்டு. இரு புரதங்களுக்கு நடுவே நின்று இரண்டையும் பிடித்துக்கொள்ளும். ஜிப்சம் தண்ணீரில் மெதுவாகத்தான் கரையும் என்பதால் பிணைப்பும் மெதுவாக நடக்கிறது. கரண்டி போட்டால் வழுக்கிக்கொண்டு வருகிற அந்தப் பதம் இப்படித்தான் கிடைக்கிறது.

பன்ன கோட்டா இந்த வகையில் சேராது. இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு நாளாயிற்று. ரப்பர், தயிர், தாவ் ஃபூ ஃபா மூன்றிலும் உறைவது மிதக்கும் துகள்கள். பன்ன கோட்டாவில் துகள்களை யாரும் தொடக்கூடாது. அவை மிதந்தபடியே இருக்க, அவற்றைச் சுற்றியுள்ள தண்ணீருக்குள் வேறொரு பொருளால் வலை பின்ன வேண்டும். கொழுப்புத் துளிகள் வலைக்கண்ணில் அகப்பட்ட மீனைப்போல அப்படியே நிற்கும். வாயில் வைக்கும்போது கிரீம், கிரீமாகவே இருக்கும்.

இத்தாலியில் அந்த வலை ஜெலட்டின். மாட்டின் அல்லது பன்றியின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்தை வேகவைத்து எடுப்பது. கடையில் 'ஹலால், மாடு' என்று எழுதிய பொட்டலம் கிடைத்தது. அம்மா அதைத் தொடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. வீட்டில் எல்லாரும் சாப்பிட முடியாத இனிப்பு எதற்கு? ஜெலட்டினுக்கு நம் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. அது 30 டிகிரியைத் தாண்டியதும் இளகத் தொடங்கும். நாக்கில் வைத்ததும் கரைவது அதனால்தான். அந்தச் சுகம் வேறு எதிலும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஈப்போவின் மத்தியான வெயிலில் அது தட்டிலேயே கரைந்துவிடும்.

நம்மிடம் இருப்பது ஆகார் ஆகார். கடற்பாசியிலிருந்து எடுப்பது. தமிழ்நாட்டில் மண்டபம், ராமேஸ்வரம் கடலோரப் பெண்கள் முங்கிப் பறிக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலும் கஞ்சிப்பாசியிலும் இருப்பது இதுதான். புரதம் இல்லை, சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. கொதிக்கும் நீரில் சங்கிலிகள் தனித்தனியாக அவிழ்ந்து அலையும். 40 டிகிரிக்குக் கீழே ஆறும்போது இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு, முறுக்குகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து வலையாகிவிடும். ஒருமுறை உறைந்துவிட்டால் 85 டிகிரி வரை சூடேற்றினால்தான் மறுபடி உருகும். உறையும் சூட்டுக்கும் உருகும் சூட்டுக்கும் இவ்வளவு தூரம் இருப்பது அபூர்வம். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஐஸ்பெட்டி இல்லாமலே சிவப்பும் பச்சையுமாக ஆகார் ஆகார் துண்டுகள் சாயங்காலம்வரை நிமிர்ந்து நின்றதன் காரணம் இதுவே.

இந்த ஒரு குணத்தால்தான் மலாய்ச் சமையலறையின் சொல் உலகின் ஆய்வகங்களுக்குள் போனது. 1881இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வால்தர் ஹெஸ்ஸ என்ற மருத்துவர் பாக்டீரியா வளர்க்கப் போராடிக்கொண்டிருந்தார். ஜெலட்டினில் வளர்த்தார்கள். கோடையில் அது உருகியது, உடல் சூடான 37 டிகிரியில் வைத்தாலும் உருகியது, சில பாக்டீரியாக்கள் அதையே தின்று தண்ணீராக்கின. அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸ கணவரின் ஆய்வுக்குப் படம் வரைந்து உதவியவர். நியூயார்க்கில் பிறந்தவர். ஜாவாவில் வாழ்ந்த டச்சுக்காரர் ஒருவர் சிறுவயதில் அவருக்குப் பக்கத்துவீடு. அவரிடம் கற்ற ஆகார் ஆகாரைத்தான் ஃபேனி தன் ஜெல்லிகளிலும் புட்டிங்குகளிலும் போட்டுவந்தார். வெயிலில் உன் புட்டிங் மட்டும் எப்படி உருகாமல் நிற்கிறது என்று கணவர் கேட்க, அவர் இதைச் சொன்னார். 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றிக் கோக் எழுதிய கட்டுரையில் ஆகார் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. ஃபேனியின் பெயர் வரவில்லை. இன்று எந்த மருத்துவமனையில் சளியையோ சிறுநீரையோ சோதனைக்குக் கொடுத்தாலும், அது பெரும்பாலும் ஓர் ஆகார் தட்டின் மேல்தான் பூசப்படுகிறது. அந்த அம்மாளின் பெயர் பள்ளிப் புத்தகங்களில் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சரி, அடுப்புக்குத் திரும்புவோம். ஆகார் வாயில் கரையாது, உடையும். அதைக் கிரீம்போல உணரவைக்க ஒரே வழி, குறைவாகப் போடுவது. அரை லிட்டருக்கு 2 கிராம் பொடி போதும். கத்தியால் வெட்டுகிற துண்டு வேண்டுமென்றால்தான் 4 கிராமுக்குப் போக வேண்டும். சின்னத் தராசில் நிறுத்துப் போடுங்கள். கரண்டிக் கணக்கு இங்கே ஏமாற்றும். 300 மில்லி பாலில் பொடியைப் பச்சையாகவே தூவிக் கலக்கி, அடிபிடிக்காமல் துழாவிக்கொண்டே கொதிவரவிட்டு, மேலும் இரண்டு நிமிடம் மெல்லக் கொதிக்கவிட வேண்டும். கொதிக்காத ஆகாரில் சங்கிலிகள் அவிழாது. 50 கிராம் சர்க்கரை பிறகு.

இரண்டாவது தடவை நான் செய்த பிழை இந்த இடத்தில். 200 மில்லி கிரீமை ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினேன். குளிர் பட்ட இடமெல்லாம் ஆகார் அந்தக் கணமே உறைந்து, இடியாப்பம் போல இழை இழையாக நின்றது. கிரீமையும் கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே சூடாக்கித்தான் சேர்க்க வேண்டும்.

கிரீமுக்குப் பதில் தேங்காய்ப்பால் விட்டால் நம் ஊர் வாசனை வரும். அதில் வேறொன்று நடக்கும். சூடாகக் கிண்ணத்தில் ஊற்றி அசையாமல் விட்டால் மேலே வெள்ளையும் கீழே கலங்கிய கண்ணாடியுமாக இரண்டு அடுக்காகிவிடும். தேங்காய்க் கொழுப்பு தண்ணீரைவிட லேசானது, துளிகளும் பெரியவை, வலை இறுகும் முன்பே மேலே ஏறிவிடும். சந்தான் ஆகார் ஆகார் செய்கிறவர்கள் இதை வேண்டுமென்றே செய்து அழகான இரட்டை அடுக்கு எடுப்பார்கள். ஒரே நிறமாக வேண்டுமென்றால், கெட்டியாகத் தொடங்கும்வரை பாத்திரத்திலேயே மெல்லத் துழாவி ஆறவிட்டு, கடைசி நேரத்தில் ஊற்ற வேண்டும். கடையில் வாங்கும் பசும்பாலில் இந்தத் தொல்லை வருவதில்லை. கொழுப்புத் துளிகளை இயந்திரத்தில் அழுத்திப் பொடியாக்கித்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். சிறிய துளி மெதுவாகத்தான் ஏறும்.

உறைவதற்குக் குளிர் தேவையில்லை, மேசைமேலேயே உறைந்துவிடும். ஆனாலும் நாலு மணி நேரம் ஐஸ்பெட்டியில் வையுங்கள். பால் கொழுப்பு குளிரில் பாதி இறுகும்போதுதான் நாக்கில் அந்தக் கனம் வருகிறது.

இனி பெர்ரி. ஈப்போவுக்கு ஸ்ட்ராபெர்ரி மேலேயிருந்து வருகிறது. சிம்பாங் பூலாயிலிருந்து ஏறினால் கேமரன் மலை. ஊர் பகாங்கைச் சேர்ந்தது என்றாலும் சந்தை நம்முடையதுதான். ஆனால் பெர்ரி என்றதும் எனக்கு நினைவு வருவது அது இல்லை. தோட்டத்து ஓரங்களில் ஊதாப் பூவோடு நிற்குமே செண்டுடுக், அதன் பழம் வெடித்து உள்ளே கருநீலமாகத் தெரியும். அதைத் தின்றுவிட்டு நாக்கை நீட்டி யார் நாக்கு அதிகம் கறுத்திருக்கிறது என்று பார்ப்போம். தாவரவியலில் அதன் பேரினப் பெயர் மெலஸ்டோமா. கிரேக்கத்தில் 'கறுத்த வாய்'. பெயர் வைத்தவரும் தின்று பார்த்திருக்க வேண்டும். தைப்பிங் பக்கத்துக் கமுந்திங் ஊருக்குப் பெயர் கொடுத்ததும் ஒரு பெர்ரிச் செடிதான்: கமுந்திங் என்ற, ரோஜா நிறப் பூவும் கருஊதாப் பழமும் உள்ள புதர். கொய்யா, நாவல் குடும்பம். நீலகிரியில் இதையே தவிட்டுப்பழம் என்பார்கள். செடி தெரிந்தவர் கூட இல்லாமல் காட்டுப் பழத்தைப் பறிக்காதீர்கள், அது மட்டும் முக்கியம்.

இந்தப் பழங்களின் நிறம் எல்லாம் ஆந்தோசயனின் வகைச் சாயங்கள். புளிப்பில் சிவப்பு, புளிப்பு குறையக் குறைய ஊதா, காரத்தில் நீலம். சங்குப்பூ நீரில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் மாறுவதும் இதனால்தான். 250 கிராம் பழத்துக்கு 60 கிராம் சர்க்கரை போட்டு, அரை மணி நேரம் மூடி வைத்தால் சர்க்கரை பழத்திலிருந்து நீரை இழுத்துவிடும். அந்த நீரிலேயே ஐந்தாறு நிமிடம் காய்ச்சினால் போதும். நேரம் கூடினால் சிவப்பு பழுப்பாகும். இறக்கியதும் கஸ்தூரி எலுமிச்சை இரண்டு பிழிந்தால் மங்கிய நிறம் மறுபடி எழுந்து வரும். அது கண்ணெதிரே நடப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

சாறு முழுக்கக் குளிர்ந்த பிறகுதான் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். அமிலம் இப்போதும் பாலைத் தொடத்தான் செய்கிறது, ஆனால் கேசின் உருண்டைகள் ஆகார் வலைக்குள் அசைய முடியாமல் நிற்கின்றன. ஓடிக் கூட்டம் சேர வழியில்லை. தொடும் கோட்டில் மட்டும் சற்று நேரத்தில் சிவப்பு மங்கி இளம் ஊதாவாகும். பாலின் பி.எச். சாயத்தை எட்டுகிற இடம் அது.

மூன்றாவது தடவை செய்ததை மகள் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்து வந்து வைத்தாள். அம்மா கரண்டியை எடுக்கவில்லை. விரல் முட்டியை வளைத்து, சாறு ஊற்றாத ஒரு கிண்ணத்தின் நடுவே மெல்ல அழுத்தினார். குழிந்தது. மெல்ல மேலே வந்தது.

"ஒறைஞ்சிருச்சு," என்றார். "ஊத்து."